‘அவர்களே’ வளர்த்த மன்றம்

நாவலூர்ப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் எங்கள் தெருவில் குடியிருக்கிறார். அவர்கள் ஆபீசில் மேடைப்பேச்சு பழக ஒரு கிளப் இருக்கிறதாம். பேசுகிறவர் எத்தனை தடவை ‘ஆ’, ‘ம்’ என்று இழுத்தார் என்று எண்ண ஒரு ஆள், நேரம் முடிந்தால் சிவப்பு விளக்கு போட ஒரு ஆள், நடுவில் டீயும் பிஸ்கட்டும். இவ்வளவு வசதி இருந்தும் உறுப்பினர்கள் சேரவில்லை என்று வருத்தப்பட்டார். எழுபதுகளில் செங்கல்பட்டில் நான் இப்படி ஒரு மன்றம் நடத்தினேன் என்றும், உட்கார இடமில்லாமல் ஆள் வந்தது என்றும் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். எப்படி ஆள் சேர்த்தீர்கள், பாயின்ட் பாயின்ட்டாக இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். என்னிடம் இருந்த பாயின்ட் ஒன்றே ஒன்று, அதுவும் ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லால் மன்றம் எப்படிக் கொழுத்தது, அதே சொல்லை வைத்து மாமல்லபுரத்து வியாபாரி ஒருவர் என் மேலதிகாரியை என்ன பாடு படுத்தினார் என்பதை முழுதாகச் சொன்னால்தான் விளங்கும். இரண்டு பக்கத்தில் அடங்காது.

நான் ஒரு சர்க்கார் ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். எந்த ஆபீஸ் என்று சொல்லமாட்டேன். மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிறது, அது தொடர்ந்து வரவேண்டும் என்பது என் ஆசை. நிலம், புறம்போக்கு, ஆக்கிரமிப்பு சம்பந்தப்பட்ட ஆபீஸ் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அச்சரப்பாக்கத்தில் கொஞ்ச காலம் தபால் பதிந்து, ஃபைல் தைத்து, மூத்தவர்களிடம் திட்டு வாங்கி வேலை கற்றேன். அது எல்லாருக்கும் நடப்பதுதான். செங்கல்பட்டுக்கு மாற்றலாகி வந்த பிறகுதான் என் உத்தியோகத்தில் சொல்லும்படி ஏதாவது நடந்தது.

வந்த புதிதில் எங்கள் தலைமை எழுத்தர் ஓய்வு பெற்றார். பிரிவுபசார விழாவில் என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அதுவரை நான் உற்றுக் கேட்டிருந்த மேடைப்பேச்செல்லாம் இரங்கல் கூட்டத்துப் பேச்சுதான். எழுந்து நின்றதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கடைசியில் வாயில் வந்தது அதுதான். அன்னாரின் பிரிவு ஈடுசெய்ய முடியாத இழப்பு, அன்னாரை இழந்து வாடும் குடும்பத்தாருக்கு நம் ஆழ்ந்த அனுதாபங்கள் என்று சொல்லி, எல்லாரும் ஒரு நிமிடம் எழுந்து மௌனமாக நிற்கும்படி கேட்டுக்கொண்டேன். பாதிப் பேர் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றார்கள். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த தலைமை எழுத்தரும் எழுந்து தலை குனிந்து நின்றார். அவர் சம்சாரம் கையிலிருந்த லட்டைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. அன்று இரவே முடிவு செய்தேன், பேசக் கற்றுக்கொண்டே தீரவேண்டும் என்று. தனியாகக் கற்றால் வெட்கம். ஊரைக் கூட்டிக் கற்றால் சமூக சேவை. அதனால் மன்றம் என்று தீர்மானித்து, ‘செந்நா மன்றம்’ என்று பெயரும் வைத்தேன்.

அந்தக் காலத்துத் தமிழ்நாட்டில் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. தெருவுக்கு ஒரு மேடை, மேடைக்கு நாலு குழாய் ஸ்பீக்கர். பேச்சுப் பல்லக்கு, தம்பி கால்நடை என்று சும்மாவா சொன்னார்கள். அப்படிப்பட்ட ஊரில் ‘மேடையில் பேசக் கற்றுக்கொள்ள விரும்புவோர் வருக’ என்று நோட்டீஸ் அடித்த முட்டாள் நான் ஒருவன்தான். பஜாரில் அதைக் கொடுத்தபோது அரிசி மண்டி வேதகிரி வாங்கிப் படித்துவிட்டு, எனக்குப் பேசத் தெரியாது என்று எவன் உன்னிடம் சொன்னான் என்று சண்டைக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு ஆரம்பப் பள்ளியின் மூன்றாம் வகுப்பு அறையில் கூட்டம். வந்தவர் ஒரே ஒருவர், புலவர் ஏகாம்பரம். தமிழாசிரியர். அவரும் கற்க வரவில்லை, கற்றுக்கொடுக்க வந்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டிப் பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு நானும் அவரும் மத்தியானம் வரை ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அடுத்த நோட்டீசில் ஒரு வரியை மாற்றினேன். ‘மன்றத்துக்குப் பொறுப்பாளர்கள் தேவை’ என்று போட்டேன். அறை நிரம்பிவிட்டது. சண்டைக்கு வந்த வேதகிரி பொருளாளர் ஆனார்.

நான் விதிகளெல்லாம் எழுதி வைத்திருந்தேன். ஆளுக்கு மூன்று நிமிடம். முடிந்தால் பள்ளிக்கூட வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டில் ஒரு தட்டு. முதல் பேச்சு வேதகிரி, தலைப்பு ‘நேரத்தின் அருமை’. எழுந்தார், தொண்டையைச் செருமினார். மன்றத் தலைவர் அவர்களே, துணைத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே என்று தொடங்கி, அறையில் இருந்த ஒவ்வொருவரையும் பெயர், தொழில், தகப்பனார் பெயர், அவர் செய்த தர்ம காரியம் எல்லாம் சொல்லி ‘அவர்களே’ போட்டு, பெஞ்சுகளைத் தாண்டி ஜன்னலில் எட்டிப் பார்த்த பள்ளி வாட்ச்மேன் அவர்களே என்பதுவரை வந்தபோது மூன்று நிமிடம் ஆகிவிட்டது. தண்டவாளத்தைத் தட்டினேன். வணக்கம் சொல்லி உட்கார்ந்தார். கைதட்டல் அறையைப் பிளந்தது. நேரத்தின் அருமையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பது யாருக்கும் குறையாகப் படவில்லை. அடுத்துப் பேசியவர்களும் அதையே செய்தார்கள்.

இது சரிப்படாது என்று அடுத்த வாரம் ‘அவர்களே’யைத் தடை செய்தேன். பொதுவாக ‘அனைவருக்கும் வணக்கம்’ என்று சொல்லிவிட்டு விஷயத்துக்கு வரவேண்டும் என்றேன். அதற்கடுத்த ஞாயிறு நானும் புலவரும் மறுபடி குட்டிப் பெஞ்சில் தனியாக இருந்தோம். மண்டிக்குப் போய் வேதகிரியைக் கேட்டேன். அவர் மறைக்காமல் சொன்னார். "என் பேரு எனக்குத் தெரியும் சார். அதை அடுத்தவன் வாயால, நாலு பேர் எதிர்ல கேக்கணும்னுதான் வர்றேன். அதுவும் இல்லன்னா மூணாங்கிளாஸ் பெஞ்சுல குந்திகினு எனக்கு இன்னா வேலை?" அவரிடம் இருந்த நேர்மை என் விதிகளில் இல்லை. தடையை நீக்கினேன்.

அதற்குப் பிறகு மன்றம் வளர்ந்த வேகத்தை என்ன சொல்ல. வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் மதிக்காதவர், கடையில் கணக்குப்பிள்ளை மதிக்காதவர், ஆபீசில் பியூன் மதிக்காதவர் எல்லாரும் வந்தார்கள். சந்தா கட்டினால் வாரம் ஒருமுறை பத்துப் பேர் வாயால் ‘அவர்களே’. எல்லாருக்கும் பதவி வேண்டியிருந்ததால் பதவிகளைப் பெருக்கினேன். இணைச் செயலாளர், துணை இணைச் செயலாளர், குடிநீர்ப் பொறுப்பாளர், பாய் விரிப்பாளர். ஒரு கட்டத்தில் சாதாரண உறுப்பினர் என்று ஒருவரும் மிஞ்சவில்லை. அது சட்டப்படி தவறு என்று புலவர் சொன்னதால், ஒப்புக்குச் சப்பாணியாக ஒருவரைப் பிடித்து ‘சாதாரண உறுப்பினர்களின் பிரதிநிதி’ என்று நியமித்தோம். அந்தப் பதவிக்கும் அடுத்த வருஷம் போட்டி வந்தது.

இதில் ஒரு பழக்கம் தானாக வேரூன்றியது. யார் பெயரைச் சொல்லி ‘அவர்களே’ போட்டாலும், அவர் பாதி எழுந்து கையெடுத்துக் கும்பிட வேண்டும். மேசைக்குப் பின்னால் இருக்கிற தலைவர் பதிலுக்குக் கும்பிட வேண்டும். கும்பிடாவிட்டால் அவமானம், அதற்காகவே ஒருவர் ராஜினாமா செய்திருக்கிறார். ஆகவே எங்கள் மன்றத்துத் தலைவராக இருப்பவருக்கு முதல் தகுதி, கை வலிக்காமல் கும்பிடத் தெரிந்திருப்பது.

அப்படிப்பட்ட தலைவர் எங்களுக்குக் கிடைத்தார். அவர் என் மேலதிகாரி திருஞானம், எம்.ஏ., பி.எல். பட்டத்தைச் சேர்த்துத்தான் எழுத வேண்டும். தனியாகப் பெயரை மட்டும் எழுதிய ஃபைல்கள் திரும்பி வந்ததுண்டு.

ஆபீசில் அவர் எப்படி என்பதைச் சொல்ல வேண்டும். வாரத்தில் ஒரு நாள் மனுதாரர் விசாரணை. அவர் நாற்காலியைச் சற்றுத் திருப்பிப் போட்டு, வந்தவருக்குத் தோளைக் காட்டி உட்காருவார். வேறு ஏதோ ஃபைல்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருப்பார். நான் பக்கத்தில் நின்று பெயரைக் கூப்பிடுவேன். மதுராந்தகத்துப் பக்கத்திலிருந்தோ கடற்கரைப் பக்கத்திலிருந்தோ முதல் பஸ் பிடித்து வந்தவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "ஐயா, எங்க நெலம்..." என்று தொடங்குவார். ஒரு வாக்கியம் முடியும். உடனே திருஞானத்தின் இடது கை மேசையிலிருந்து எழும்பும், மணிக்கட்டு மட்டும் ஒரு சுழல் சுழலும். "எழுத்து மூலமா குடு." எழுத்து மூலமாகக் கொடுத்ததற்குத்தான் விசாரணை என்பதை யாரும் அவருக்குச் சொன்னதில்லை. மனுதாரர் விசாரிக்கப்பட்டார், புதிதாக ஏதும் கூறவில்லை என்று நான் எழுதிக்கொள்வேன். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு மனுதாரரின் முகத்தை நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை. கெட்டவர் இல்லை, லஞ்சம் தொடமாட்டார். முகத்தைப் பார்த்தால் வேலை தாமதமாகும் என்று நம்பியவர், அவ்வளவுதான்.

அதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமுமாக மன்றத்துக்கு வந்தால் வேறு ஆள். முதுகு நிமிர்ந்திருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் அந்தந்த முகத்தைப் பார்த்து, மார்புக்கு நேராகக் கை குவித்து, லேசாகச் சிரிப்பார். பாய் விரிப்பாளருக்கும் அதே கும்பிடு. மன்றத்துக்கு அவர் கொடுத்த ஒரே யோசனை வரிசையைப் பற்றியது. மற்ற இடங்களில் தலைவர் பெயரை முதலில் சொல்வார்கள். முதலில் சொன்னதைக் கூட்டம் மறந்துவிடுகிறது, சின்னதிலிருந்து பெரியதுக்குப் போய் மகுடமாகக் கடைசியில் தலைவரைச் சொல்வதே முறை என்று அவர் கருதினார். புலவர் அதற்கு இலக்கணத்தில் ஏதோ ஆதாரமும் கண்டுபிடித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து எங்கள் மன்றத்தில் தலைவர் பெயர் கடைசி. அது வருகிற வரையில் அவர் நாற்காலியை விட்டு அசையமாட்டார், தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்.

இந்த நிலையில்தான் காசிம் பாய் வந்து சேர்ந்தார்.

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு வரிசைக் கடைகள் இருந்தன. கடை என்றால் நாலு கழி, மேலே ஓலையோ தார்ப்பாயோ. சங்கு, கிளிஞ்சல் மாலை, மாக்கல் யானை, பனையோலைத் தொப்பி, சுண்டல், இளநீர். எல்லாம் புறம்போக்கு மணல். வெளிநாட்டிலிருந்து வருகிற பெரிய மனிதர்களின் கண்ணை இந்தக் கடைகள் உறுத்தும் என்று மேலே யாருக்கோ தோன்றிவிட்டது. மார்கழி சீசனுக்கு முன்னால் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்று எங்களுக்கு உத்தரவு. முறைப்படி முதலில் நோட்டீஸ், அப்புறம் ஆட்சேபணை கேட்பது, அப்புறம் கையெழுத்து. நடுவில் இருப்பது வெறும் சடங்கு என்று கடைக்காரர்களுக்கும் தெரியும். அந்த ஃபைல் என் மேசையில் இருந்தது. காசிம் பாய் அந்த வரிசையில் சங்குக் கடை வைத்திருந்தவர். அவர் குடும்பமும், இறந்துபோன தம்பியின் குடும்பமும் அந்த நாலு கழியின் கீழ்தான் பிழைத்தன. மார்கழியிலும் தையிலும் விற்பதை வைத்துத்தான் மீதி வருஷம் ஓடும்.

ஆள் வாட்டசாட்டமாக இருப்பார், குரல் பஸ் ஹாரன் மாதிரி. திருக்கழுக்குன்றம் வழியாக வருகிற பஸ்ஸில் ஞாயிறு தவறாமல் வந்து இறங்கினார். என்ன பதவி வேண்டும் என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்றார். பதவி கேட்காமல் எங்கள் மன்றத்தில் சேர்ந்த முதல் மனிதர் அவர்தான், அதனாலேயே செயற்குழுவுக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. அவசரக் கூட்டம் போட்டு அவரை மாமல்லபுரம் கிளைச் செயலாளர் ஆக்கினோம். மாமல்லபுரத்தில் எங்களுக்குக் கிளை கிடையாது.

புலவர் அவரைத் திருத்த எடுத்துக்கொண்ட பாட்டைப் பார்த்திருக்க வேண்டும். கடை வாசலில் நின்று போகிற வருகிறவனை எல்லாம் கையைப் பிடித்து இழுக்கிற பேச்சு பாய்க்கு. அதில் ‘கீது’ என்று வருகிற இடமெல்லாம் ‘இருக்கிறது’ என்று சொல்லவைத்தார் புலவர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இந்தப் பிள்ளைக்கு இருந்த வாயும் போயிற்று. "என் கடை... கடற்கரையில்... இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, மேலே ஒன்றும் வராமல் வியர்த்துப்போய் நின்றார். கூட்டம் முடிந்து என்னிடம் வந்து, "கீதுன்னா கீது சார். இருக்கிறதுன்னு சொன்னா, கடை கீதா இல்லியான்னு எனக்கே சந்தேகமா கீது" என்றார்.

அன்றைக்கு பஸ் ஸ்டாண்டு வரை அவரோடு நடந்தேன். நேராகவே கேட்டேன், இந்தக் கூத்துக்கு ஏன் இவ்வளவு தூரம் வருகிறீர்கள் என்று. ஆட்சேபணை கேட்கப்போகிறவர் எங்கே காது கொடுத்துக் கேட்கிறார் என்று விசாரித்தாராம், இந்த மன்றம் ஒன்றுதான் என்று சொன்னார்களாம். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. ஃபைல் என்னுடையது, நான் யோசனை சொல்லக்கூடாது. அதைச் சொல்லிவிட்டு, ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், அங்கே உங்களுக்கு ஒரு வாக்கியம்தான் கிடைக்கும், கை எழும்பிவிடும் என்றேன்.

"எதுல சார் கை எழும்பாது?"

நான் வேடிக்கையாகத்தான் சொன்னேன். "அவர் பேரு வர்ற வரைக்கும் எழும்பாது பாய்."

அவர் சிரிக்கவில்லை. பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார். அதற்கடுத்த ஞாயிறுகளில் அவர் பேசவே இல்லை. பின்பெஞ்சில் உட்கார்ந்து, யார் பெயர் சொன்னாலும் திருஞானத்தின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்சேபணை கேட்பதற்கு இடத்துக்கே போனோம். மாமல்லபுரத்தில் பயணியர் பங்களா வராந்தாவில் மேசை போட்டார்கள். எதிரே சவுக்கு மரத்தடியில் கடைக்காரர்கள் நின்றார்கள். எல்லாரும் தலை சீவி, துவைத்த துணி உடுத்தி வந்திருந்தார்கள். அது பாயின் ஏற்பாடு என்று அப்போது எனக்குத் தெரியாது. திருஞானம் வழக்கம்போல் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, கொண்டுவந்திருந்த வேறு ஃபைல்களில் கையெழுத்துப் போடத் தொடங்கினார். கடைகளை அகற்றும் ஆணையை நான் முன்கூட்டியே எழுதி, கையெழுத்துக்காக அடியில் வைத்திருந்தேன். முதலில் சங்கு விற்கும் ஆறுமுகத்தைக் கூப்பிட்டேன். "ஐயா, நாங்க ரொம்ப வருசமா" என்றார். இடது கை எழும்பிவிட்டது. அடுத்து காசிம் பாயைக் கூப்பிட்டேன்.

பாய் செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு முன்னால் வந்து, எங்கள் மன்றத்துப் பாணியில் தொண்டையைச் செருமினார். "இங்க கூடியிருக்கக்கூடிய" என்று நீட்டினார். அந்த ராகத்தைக் கேட்டதும் திருஞானத்தின் பேனா நின்றது. தலை நிமிர்ந்தது. நாற்காலி தானாக நேராகத் திரும்பியது.

"மூணு பொண்ணையும் சங்கு வித்தே கட்டிக்குடுத்த ஆறுமுகம் அவர்களே" என்றார் பாய். ஆறுமுகம் மரத்தடியில் ஒரு அடி முன்னால் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். திருஞானத்தின் கைகள் அவரைக் கேட்காமலே மார்புக்கு வந்தன. முகத்தைப் பார்த்து, லேசாகச் சிரித்து, கும்பிட்டார்.

"புருசனைக் கடல் எடுத்துக்கினு போன பிற்பாடு, கிளிஞ்சல் கோத்து நாலு புள்ளைங்களுக்குச் சோறு போடுற செல்லம்மா அவர்களே." செல்லம்மா வந்து கும்பிட்டார். கும்பிடு திரும்பியது. "நீங்க குடுத்த நோட்டீசப் படிக்கத் தெரியாம, அதுலியே சுண்டல் மடிச்சு நாலு பேருக்குக் குடுத்த மாரி அவர்களே." மாரி நெளிந்துகொண்டே கும்பிட்டான். அதற்கும் கும்பிடு. "ஒத்தக் கால வெச்சுகினு காலையில தலைச்சுமையா இளநி தூக்கிகினு வர்ற பெருமாள் அவர்களே." பெருமாள் கட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் சேர்த்தார். திருஞானத்தின் சிரிப்பு அந்த இடத்தில் காணாமல் போய்விட்டது. கை மட்டும் எழுந்தது.

என் அதிகாரிக்கு விஷயம் புரிந்துவிட்டது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், நெற்றியில் வியர்வை துளிர்த்தது. நிறுத்தலாம்தான். ஆனால் அவர் பெயர் இன்னும் வரவில்லை. அதைவிட, எதிரே நின்று கும்பிடுகிறவனுக்குப் பதில் கும்பிடு போடாமல் இருக்க அவரால் முடியவில்லை. வாரா வாரம் நாங்கள் பழக்கிய பழக்கம். வரிசையில் இருந்த ஒவ்வொரு கடையும் இப்படி வந்தது. தொப்பி விற்கிறவர், மாக்கல் யானை செதுக்குகிறவர், கடைசியாகக் கறுப்புத் துப்பட்டாவோடு ஓரமாக நின்ற பாயின் தம்பி மனைவி. அவர் பெயரை மட்டும் பாய் கத்தாமல் சொன்னார். ‘கீது’ எதையும் ‘இருக்கிறது’ ஆக்கவில்லை. ஒரு இடத்திலும் நாக்கு ஒட்டவில்லை.

முடிவில், "இத்தினி பேரையும் கால்கடுக்க நிக்கவெச்சாலும், ஒருத்தர் விடாம மொகத்தப் பாத்துக் கையெடுத்துக் கும்புட்ட, எம்.ஏ., பி.எல்., திருஞானம் அவர்களே" என்று சொல்லி, ஆழ்ந்து ஒரு வணக்கம் போட்டுவிட்டு, பாய் மரத்தடிக்குப் போய் நின்றுகொண்டார்.

திருஞானம் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, விஷயத்துக்கு வாங்க பாய்" என்றார்.

"வந்தாச்சு சார். இவங்கதான் விஷயம்" என்றார் பாய்.

திரும்பி வரும்போது ஜீப் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியது. அப்புறம் திருஞானம் என் பக்கம் திரும்பாமல், கோபமாகத்தான் கேட்டார். "ஏன்யா, இத்தனை பேருக்கும் கும்பிடு போட்டாச்சு. இனிமே எந்தக் கையால கையெழுத்துப் போடுறது?" எனக்கு அன்றைக்கு அவர்மேல் முதல்முறையாக மரியாதை வந்தது. மரியாதை வந்ததை அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் அந்த ஃபைல் என் மேசைக்கு வந்தது. ஆணையில் கையெழுத்து இல்லை. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு சொல் மட்டும் எழுதியிருந்தார்: ‘பேசவும்’.

சர்க்கார் ஆபீசில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு அதிகாரிக்கு முடிவு எடுக்கப் பிடிக்காவிட்டால், முடியாது என்றும் எழுதமாட்டார், சரி என்றும் எழுதமாட்டார். ‘பேசவும்’ என்று எழுதுவார். கிளார்க் அந்த ஃபைலைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போய், நின்று, விஷயத்தைப் பேச வேண்டும். பேசினால் அவர் அன்றே முடிவு சொல்லியாக வேண்டும். மேலிடத்து உத்தரவு இருக்கும்போது அந்த முடிவு என்னவாக இருக்கும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கிளார்க் போகாதவரை ஃபைல் அசையாது. விட்டுவைத்ததற்குக் கேள்வி வந்தால் கழுத்து கிளார்க்குடையது.

அவர் அறை என் மேசையிலிருந்து கூப்பிடு தூரம். வராந்தாவில் எதிரே வருவார், ஃபைலைப் பற்றிக் கேட்கமாட்டார். மன்றத்தில் வழக்கம்போல் கும்பிடுவார். மேலிடத்திலிருந்து நினைவூட்டல் வந்தது. பரிசீலனையில் உள்ளது என்று பதில் எழுதினேன். மார்கழி வந்தது, வெள்ளைக்காரர்கள் வந்தார்கள், கடற்கரையில் சங்கு விற்றது. கொஞ்ச நாளில் திருஞானத்துக்கு வேறு ஜில்லாவுக்கு மாற்றல் வந்தது. கடைசியில் பெயர் வரவேண்டியவர் போனதும், அந்த இடத்துக்கு வேதகிரியும் புலவரும் அடித்துக்கொண்டு, மன்றம் ‘செந்நா மன்றம்’ என்றும் ‘உண்மைச் செந்நா மன்றம்’ என்றும் இரண்டாகி, இரண்டும் ஒன்றை ஒன்று கண்டித்துத் தீர்மானம் போட்டே முடிந்துபோயின. புதிதாக வந்த அதிகாரிகள் ஒவ்வொருவரும் அந்த ஃபைலைப் புரட்டிவிட்டு, இது ஏன் நிற்கிறது என்று கேட்பார்கள். முன்னால் இருந்தவர் தன்னிடம் வந்து பேசச் சொல்லியிருக்கிறார் சார், இன்னும் பேசவில்லை என்பேன். ஒருவர் மெமோ கொடுத்தார். என் இன்கிரிமென்ட் ஒன்று ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. வாங்கிக்கொண்டேன்.

எப்போதாவது பஸ் ஸ்டாண்டில் காசிம் பாயைப் பார்ப்பேன். "ஃபைலு இன்னா சார் ஆச்சு?" என்று கேட்பார். "பேச்சுல இருக்கு பாய்" என்பேன்.

ஊரைக் கூட்டிப் பேசச் சொல்லிக் கொடுத்தவன் நான். அந்த ஃபைல் என் மேசையில் இருந்த வரைக்கும், நான் போய்ப் பேசவில்லை.